கொள்ளுத்தாத்தா வீட்டு குரூப் போட்டோ: மாலையோடு நடுவில் இருப்பவர் யார்?

அரசலாறு

வணக்கம். இத்துடன் ஏற்றியிருக்கும் படம் அம்மா வழிக் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. தடித்த அட்டையில் ஒட்டியது. படம் மட்டும் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். கும்பகோணம் பக்கம் எடுத்தது என்று சொல்வார்கள். தூண் வைத்த தாழ்வாரத்தின் முன்னால் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். நாற்காலி வரிசையின் நடுவில் இருப்பவர் கழுத்துவரை மூடிய கோட்டும் தலைப்பாகையும் போட்டிருக்கிறார், பெரிய மாலை. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் மாலை உண்டு, சற்றுச் சின்னது. பின்னால் இரண்டு வரிசை நிற்கிறது. முன்னால் ஜமுக்காளத்தில் குழந்தைகள். வலது கோடியில் மூன்று பெண்கள் நாற்காலியில். இடது ஓரத்தில் ஒரு மேஜை, அதில் பாத்திரங்கள், பூச்செண்டு.

நடுவில் மாலையோடு இருப்பவர்தான் கொள்ளுத்தாத்தா, ஊரார் அவருக்கு எடுத்த பாராட்டு விழா இது என்பது வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை. அவர் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார் என்பது மட்டும் நிச்சயம். என்ன விழா, எந்த வருஷம், மற்றவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை. பழைய படங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கண்ணாடித்தகடு

அருமையான படம் தம்பி. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஸ்டுடியோ நடத்தினோம், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் காகிதம். கறுப்பான இடங்களின் ஓரத்தில், சாய்த்துப் பார்த்தால் ஈயம் பூசியது போல நீலப் பளபளப்பு தெரிகிறதே, அது வெள்ளி மேலே வந்து பூத்தது. ஜெலட்டின் பூசிய காகிதத்தில்தான் அப்படி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓடிய முட்டை வெண்கருக் காகிதமாக இருந்தால் மெல்லிசாக இருக்கும், வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்திருக்கும், மேற்பரப்பில் நுண்ணிய விரிசல் ஓடும். அது 1900 வாக்கில் வழக்கொழியத் தொடங்கிவிட்டது. ஆகவே உங்கள் படம் இருபதாம் நூற்றாண்டு.

அடுத்தது அளவு. அந்த நாளில் குரூப் போட்டோ என்றால் படத்தின் அளவுக்கே கண்ணாடித் தகடு போட்டு எடுப்பார்கள். தகட்டைக் காகிதத்தின் மேல் வைத்து அப்படியே அச்செடுப்பார்கள், பெரிதாக்கும் வேலை கிடையாது. அதனால் நுணுக்கம் ஏராளமாக உள்ளே இருக்கும். நீங்கள் போட்டிருப்பது கைபேசியில் எடுத்தது போலிருக்கிறது. நல்ல ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 புள்ளியில் எடுத்துப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தெல்லாம் தெரியும். அட்டையை மட்டும் பிரிக்க முயலாதீர்கள், படம் போய்விடும்.

ஈரோட்டுக்காரன்

வலது கோடியில் மூன்று பெண்களில் ஒருவர் வெள்ளைப் புடவை. கைம்பெண்ணாக இருக்கலாம். மற்ற இருவருக்கும் கறுப்புப் புடவை. அந்தக் காலத்தில் விழாவுக்குக் கறுப்பு கட்டுவார்களா? அது துக்க நிகழ்ச்சியோ?

கண்ணாடித்தகடு

ஐயா, அந்தக் கறுப்பைக் கறுப்பு என்று நம்பாதீர்கள். பழைய படம் பார்ப்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது.

அன்றைக்கு ஊர் ஸ்டுடியோக்களில் புழங்கிய தகடு நீலத்தையும் பச்சையையும் பார்க்கும், சிவப்பைப் பார்க்காது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்தது. சிவப்பு படாத இடம் அச்சில் கறுப்பாக விழும். அரக்குப் புடவை, கூறைப்புடவை, குங்குமம் எல்லாம் கறுப்பு. மாறாக இளநீலம் வெளுத்து வெள்ளையாகிவிடும், வானம் வெறும் வெள்ளையாக இருப்பதும் அதனால்தான். எல்லா நிறத்தையும் பார்க்கும் தகடு 1906 முதலே விற்பனையில் இருந்தது. ஆனால் அதை முழு இருட்டில் கழுவ வேண்டும், விலையும் கூடுதல். சிற்றூர் ஸ்டுடியோக்காரர் அவசரப்பட்டு அதற்குப் போகவில்லை.

ஆகவே அந்த இருவரும் நல்ல அரக்குப் பட்டு கட்டி வந்திருக்கலாம். வெள்ளையாகத் தெரிவது வெளிர்நீலமாகவும் இருக்கலாம். நம் தோலில் உள்ள செம்பழுப்பும் இந்தத் தகட்டில் இருண்டுதான் விழும். நிஜத்தில் இருந்ததைவிடக் கறுப்பாகவே எல்லோரும் தெரிவார்கள். அதோடு, நடுவில் இருப்பவரின் முகம் மட்டும் சுருக்கமே இல்லாமல் வழவழவென்று இருப்பதைப் பாருங்கள். தகட்டின் மேல் கூர்மையான பென்சிலால் டச்சிங் செய்திருக்கிறார்கள். முக்கியஸ்தருக்கு மட்டும் அந்த மரியாதை.

மாயவரத்துப் பெண்

கைம்பெண் என்ற ஊகத்தைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். தஞ்சாவூர் ஜில்லா பிராமண வீடுகளில் அன்று கைம்பெண்கள் கட்டியது காவியோ செம்பழுப்போ ஆன நார்மடிப் புடவை. மேலே அண்ணா சொன்ன கணக்கின்படி அது படத்தில் கருமையாக விழ வேண்டும், வெள்ளையாக அல்ல. அவர்களை இப்படி ஒரு கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதும் நடக்காத காரியம்.

அந்த வெள்ளைப் புடவைக்காரரைப் பெரிதாக்கிப் பாருங்கள். தோளில் தலைப்பைப் பிடித்து ஒரு ப்ரூச் குத்தியிருக்கிறார். இடது மணிக்கட்டில் கடிகாரம். காலில் மூடிய செருப்பு. மற்ற இருவரும் கையை மடியில் ஒடுக்கி வைத்திருக்க, இவர் மட்டும் நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருக்கிறார். எனக்கு இவர் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் போலவோ லேடி டாக்டர் போலவோ தோன்றுகிறது. பழைய படத்தில் பெண் என்றாலே யாரோ ஒருவரின் மனைவி என்று எழுதிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. இவர் வக்கீல் என்று சொல்ல வரவில்லை. தன் பெயரிலேயே அழைப்பு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கக்கூடிய பெண்கள் அன்று இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஈரோட்டுக்காரன்

நன்றி மேடம். இன்னொரு சந்தேகம். இந்தப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்குமோ? இரண்டாம் பெண்ணின் தலைப்பு வலது தோளில் இருக்கிறதே.

மாயவரத்துப் பெண்

மடிசாரில் ஐயர் கட்டுக்குத் தலைப்பு வலது தோளில் வரும், ஐயங்கார் கட்டுக்கு இடது தோளில். தலைப்பை வைத்து இடவலம் தீர்மானிக்க முடியாது. ஆண்களின் கோட்டைப் பாருங்கள். மார்புப் பை இடது பக்கம் இருக்கிறது, பொத்தான் பட்டையில் இடதுபுறம் மேலே வருகிறது. படம் நேராகத்தான் அச்சாகியிருக்கிறது. பின்வரிசையில் மேலாடை விலகிய ஒரு பெரியவருக்கு இடது தோளில் பூணூலும் தெரிகிறது.

பழைய கோர்ட்

நான் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு இந்தப் படத்தைப் பார்த்தவுடன் ஊர்க் கூட்டம் என்று தோன்றவில்லை, உத்தியோகக் கூட்டம் என்றுதான் தோன்றியது. உட்கார்ந்திருக்கும் ஒழுங்கே அதைச் சொல்கிறது.

நடு நாற்காலி மாற்றலாகிப் போகிற அதிகாரிக்கு. பக்கத்தில் சின்ன மாலையோடு இருப்பவர் அவர் இடத்துக்கு வருபவராக இருக்கலாம், பிரிவுபசாரத்தையும் வரவேற்பையும் ஒரே டீ பார்ட்டியில் முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு இருபுறமும் வயதும் பதவியும் இறங்குமுகமாகப் போகும். நாற்காலி தீர்ந்த இடத்தில் ஜூனியர்கள் நிற்பார்கள், அவர்களுக்குப் பின்னால் குமாஸ்தாக்கள். துருக்கித் தொப்பி போட்ட ஒருவர் நடுவிலிருந்து மூன்றாம் நாற்காலியில் இருக்கிறார், சீனியர் என்று பொருள்.

முக்கியமாக, நிற்கும் வரிசையின் இரண்டு கோடியிலும் தோளில் குறுக்காக டவாலிப் பட்டை போட்டவர்கள் நிற்கிறார்கள். கோர்ட்டு, தாலுகா கச்சேரி, கலெக்டர் ஆபீஸ் சேவகர்கள் அவர்கள். டவாலியில் பித்தளை வில்லை குத்தியிருக்கும். அதில் ஆபீஸ் பெயர் வெட்டியிருப்பார்கள். படம் முழுக்க எழுத்து என்று ஏதாவது இருக்குமானால் அது அவர்கள் மார்பில்தான் இருக்கும். அந்த இரண்டு பேரையும் ஸ்கேன் செய்து போடுங்கள்.

மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் மன்னிக்க வேண்டும். வக்கீல் குமாஸ்தா ஒருவர் அன்றைய உத்தியோகக் கூட்டத்தில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வழியே இல்லை.

அரசலாறு

ஸ்கேன் ஏற்றிவிட்டேன். வலது கோடிச் சேவகரின் வில்லையைத் தனியாக வெட்டிப் போட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் வட்டமாக எழுதியிருக்கிறது. "டிஸ்ட்ரிக்ட் முன்சீப்" (கீழ்நிலை சிவில் கோர்ட்டு நீதிபதி) வரைக்கும் தெளிவாகப் படிக்க முடிகிறது. மிச்சம் டவாலி மடிப்பில் மறைந்திருக்கிறது.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்போ தாத்தா எங்கேடா?" என்று கேட்டார்.

அட்டையின் பின்புறத்தையும் இப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். பென்சிலில் தமிழில் எழுதியிருக்கிறது. "ஈஸ்வர ௵ சித்திரை ௴" என்பது தெரிகிறது. தேதி தேய்ந்துவிட்டது. அதற்குக் கீழே இரண்டு பத்தியாக இனிஷியல்கள், சிலவற்றுக்கு எதிரே "வரவு", சிலவற்றுக்கு எதிரே "பாக்கி". இவை என்னவென்று புரியவில்லை.

பஞ்சாங்கம்

ஈஸ்வர வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும். 1877, 1937, 1997. காகிதம் இருபதாம் நூற்றாண்டு என்று தகட்டு அண்ணா சொல்லிவிட்டார். 1997-ல் கண்ணாடித் தகடும் கிடையாது, முன்சீப் தலைப்பாகையும் கிடையாது. ஆகவே 1937 ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரைக்கும். இவ்வளவு துல்லியமாக வருஷமும் மாதமும் அகப்படுவது அபூர்வம்.

சரித்திர மாணவன்

1937 சித்திரையா! அப்படியானால் இது பிரிவுபசாரம்தானா என்றே யோசிக்க வேண்டும். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா 1937 மே 12. சித்திரையின் கடைசி நாட்கள். அதை ஒட்டி அரசு அலுவலகங்களில் கொண்டாட்டங்கள் நடந்தன. மாலையும் டீ பார்ட்டியும் குரூப் போட்டோவும் அதற்கும் பொருந்தும்.

பழைய கோர்ட்

பொருந்தாது என்று நினைக்கிறேன் தம்பி. சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை மே மாதத்தில். மே 12-ம் தேதி முன்சீப்பும் வக்கீல்களும் பெரும்பாலும் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். விடுமுறைக்கு முன்னால், ஏப்ரல் கடைசியில், போகிறவரை வழியனுப்பி வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்தது. முடிசூட்டு விழா என்றால் மன்னர் படம் ஒன்றை நடுவில் வைக்காமல் போட்டோ எடுத்திருக்கவும் மாட்டார்கள்.

சரித்திர மாணவன்

ஐயா சொல்வதற்கு வலுச்சேர்க்கும் ஒன்று படத்திலேயே இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். நிற்கும் வரிசையில் இடப்பக்கம் மூன்று இளைஞர்கள் காந்தி குல்லாய் போட்டிருக்கிறார்கள். 1936 டிசம்பரில் பைஸ்பூர் காங்கிரஸ், முடிசூட்டு விழாக்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று தீர்மானம் போட்டது. குல்லாய் போடுகிற அளவுக்குப் பற்றுள்ள வக்கீல் அந்த விழா போட்டோவில் வந்து நின்றிருக்க மாட்டார். முன்சீப்பை வழியனுப்பும் கூட்டம் என்றால் நிற்பதில் தடையில்லை.

அந்த மாதத்தையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிப்ரவரித் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டசபையின் 215 இடங்களில் 159-ஐக் காங்கிரஸ் பிடித்துவிட்டது. ஆனால் கவர்னரின் விசேஷ அதிகாரம் பற்றிய தகராறில் பதவி ஏற்கவில்லை. ஏப்ரல் 1 முதல் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு இடைக்கால மந்திரிசபை நடத்துகிறார். ராஜாஜி பதவியேற்பது ஜூலை 14-ல். ஜெயித்தவர்கள் வெளியே நிற்கும் அந்த மூன்றரை மாதத்துக்கு நடுவில் எடுத்த படம் இது. அரசு நீதிபதி மாலையோடு நடுவில் இருக்க, மூன்று குல்லாய்கள் அதே படத்தில் கூச்சமில்லாமல் நிற்கின்றன. சேவகரும் குமாஸ்தாக்களும் அப்படிப் போட்டிருக்க முடியாது, வேலை போயிருக்கும். எனக்கு இந்த ஓரம்தான் படத்திலேயே பெரிய செய்தியாகப் படுகிறது.

டிகிரி காபி

நான் மேஜையைப் பார்த்தேன். பீங்கான் கோப்பையும் சாஸரும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டபரா டம்ளர் அடுக்கு. இரண்டுக்கும் நடுவில் வேண்டுமென்றே விட்டது போல இடைவெளி. பீங்கானில் வாய் வைக்காத ஆசாரக்காரர்களுக்குத் தனியாகப் பித்தளையில் காபி கொடுத்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அன்று நம் பக்கத்து ரயில் நிலையங்களிலேயே பிராமணருக்குச் சிற்றுண்டி அறை தனி. போட்டோவுக்கு எல்லோரும் தோளோடு தோள் நிற்கிறார்கள். பலகாரத்துக்கு எப்படி உட்கார்ந்தார்கள் என்பதை மேஜை சொல்கிறது. மேஜைக்குப் பின்னால் தூண் நிழலில் சட்டை இல்லாமல் ஒருவர் பாதி தெரிகிறார், இடுப்பில் துண்டு. சமையல்காரராக இருக்க வேண்டும். படத்துக்குள் அவரைக் கூப்பிடவும் இல்லை, விலகச் சொல்லவும் இல்லை. அவருக்கும் ஒரு எண் போடுங்கள்.

மாயவரத்துப் பெண்

எண் போடுவதைப் பற்றி நானும் சொல்ல நினைத்தேன். படத்தின் மேல் மெல்லிய காகிதம் வைத்து ஒவ்வொரு தலையின் கோட்டையும் வரைந்து, உள்ளே எண் எழுதுங்கள். அசல் படத்தில் எழுதாதீர்கள். சேவகர்கள், சமையல்காரர், ஜமுக்காளக் குழந்தைகள், ஒருவரையும் விடாமல் எண் போட வேண்டும். பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும் போட்டால் மற்றவர்கள் அதோடு காணாமல் போய்விடுவார்கள். வீட்டில் தொண்ணூறைத் தாண்டியவர் யாராவது இருந்தால் பெரிய அச்சு ஒன்று எடுத்துப்போய்க் காட்டுங்கள், சீக்கிரம். "இது யார்?" என்று விரல் வைத்துக் கேட்காதீர்கள். கையில் கொடுத்துவிட்டு, அவர் விரல் எங்கே போகிறது என்று பாருங்கள்.

பழைய கோர்ட்

பின்புறத்து வரவு, பாக்கி எனக்கு நன்றாகப் புரிகிறது. குரூப் போட்டோவுக்குச் செலவு ஒருவர் கொடுப்பதில்லை. படம் வேண்டும் என்பவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா போட்டுக்கொள்வார்கள். அதை வசூல் பண்ணி, ஸ்டுடியோவில் முன்பணம் கட்டி, படம் வந்ததும் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது யார்? வக்கீல் குமாஸ்தாதான். நாற்காலி வாடகை, மாலை, பலகாரம், போட்டோக்காரர் வண்டிக்கூலி எல்லாம் அவர் தலையில்தான் விழும். அந்தக் கணக்கு உங்கள் வீட்டுப் பிரதியின் முதுகில் இருக்கிறது என்றால், கணக்கு எழுதியவர் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கொள்ளுத்தாத்தா இந்தக் கூட்டத்தின் நடுவில் உட்காரவில்லை. இந்தக் கூட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர். அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். அவர் கையெழுத்து வேறு எங்காவது இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈரோட்டுக்காரன்

முகம் ஒப்பிட வேறு படம் இருந்தால் காதைப் பாருங்கள். மீசையும் தலைமுடியும் மாறும், வயதானால் கன்னம் ஒடுங்கும். காது மடலின் உள்மடிப்பு அதிகம் மாறாது. நானும் என் வீட்டுப் படங்களில் அப்படித்தான் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பிரித்தேன்.

அரசலாறு

எல்லோருக்கும் நன்றி. நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொள்ளுத்தாத்தாவின் மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று மாமா வீட்டில் இருந்தது. "பாக்கி" என்ற சொல்லில் க்-கின் புள்ளியை விட்டுவிட்டு, கி-யின் மேல்விலங்கை நீட்டி இழுத்து எழுதும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான். கணக்கு அவர் எழுதியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அத்தைப்பாட்டிக்கு வயது தொண்ணூற்று மூன்று. ஆங்கீரஸ வருஷத்தில் பிறந்தவர், அதாவது 1932. அவருக்குப் பெரிய அச்சைக் கொடுத்தேன். மாயவரத்து அக்கா சொன்னபடி ஒன்றும் கேட்கவில்லை. விரல் முதலில் போனது ஜமுக்காளத்துக்கு. அசைந்ததால் முகம் கலங்கிப்போன ஒரு பையன் இருக்கிறானே, அவன்தான் அவருடைய அண்ணா, அதாவது என் தாத்தா. ஒரு இடத்தில் உட்கார மாட்டானாம். அதற்கு அடுத்தபடி விரல் மேலே ஏறி, நிற்கும் இரண்டாம் வரிசையில் வலமிருந்து நாலாவது ஆளிடம் நின்றது. "அப்பா" என்றார். தலைப்பாகை இல்லை, பஞ்சகச்சம், மேலே அல்பாகா கோட்டு, கையில் ஏதோ சுருட்டிய காகிதம். காதை மாமா வீட்டுப் பாஸ்போர்ட் அளவுப் படத்தோடு ஒப்பிட்டேன், ஒத்துப்போகிறது.

வெள்ளைப் புடவைக்காரரை அத்தைப்பாட்டிக்கு நினைவில்லை. ஆனால் வலது கோடி டவாலிச் சேவகரைச் சட்டென்று அடையாளம் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குக் கேஸ் கட்டு கொண்டுவருவாராம், வரும்போதெல்லாம் கடலை உருண்டை தருவாராம். பெயரும் சொன்னார். அவருடைய குடும்பத்தைத் தேடிப் பிடித்து ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார், அவர்கள் சம்மதித்தால்தான் பெயரை இங்கே போடுவேன்.

பழைய கோர்ட்

மனசு நிறைந்தது தம்பி. சுருட்டிய காகிதம் வாழ்த்துப் பத்திரமாக இருக்கலாம். அச்சடித்து, படித்துக் காட்டி, கண்ணாடி போட்டுக் கொடுப்பார்கள்.

இனி இனிஷியல்களுக்கு வாருங்கள். சந்தா போட்டவர்கள் பெரும்பாலும் நாற்காலிக்காரர்களும் முதல் நிற்கும் வரிசையும். வக்கீல் சங்கங்களில் பழைய உறுப்பினர் பெயர்கள் எழுதிய பலகையோ பதிவேடோ இருக்கும். 1937-ல் இருந்தவர்களின் பெயரை எடுத்து இனிஷியலோடு ஒட்டிப் பார்த்தால் பாதிப் பேராவது அகப்படுவார்கள். போகிற முன்சீப் யார் என்பதற்கு மாகாண அரசு வெளியிட்ட கெஜட்டைப் பாருங்கள், மாற்றல் அறிவிப்பு அதில் வரும். எழும்பூரில் ஆவணக் காப்பகத்தில் பழைய கெஜட் தொகுதிகள் இருக்கின்றன.

கண்ணாடித்தகடு

அட்டையின் கீழ் வலது மூலையில் ஒரு அழுத்து முத்திரை தெரிகிறது, ஸ்டுடியோ பெயர். நேராக ஸ்கேன் செய்தால் விழாது. இருட்டு அறையில் டார்ச்சை அட்டைக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து, அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். மேடு பள்ளம் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஸ்டுடியோ பெயர் தெரிந்தால் அவர்கள் வாரிசு வீட்டில் தகடு இன்னும் இருக்கிறதா என்று விசாரிக்கலாம். என் அப்பா எந்தக் குரூப் தகட்டையும் எறிந்ததில்லை.

அரசலாறு

இன்றைக்கு ராத்திரியே டார்ச் வைத்து எடுக்கிறேன். எண் போட்ட வரைபடத்தை ஏற்றியிருக்கிறேன், சமையல்காரர் 44. இதுவரை பெயர் தெரிந்தவை 9, 31, 38 மட்டும். கும்பகோணத்துக்காரர்கள் தூண்களின் வேலைப்பாட்டையும் இடது மூலையில் பாதி தெரியும் படிக்கட்டையும் பாருங்கள். கட்டடம் இன்றைக்கும் நிற்கிறதா, எந்தத் தெரு என்று யாருக்காவது அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள். பின்புறத்து இனிஷியல்களைத் தனிப் பதிவாகப் போடுகிறேன்.